முசலிக் கரையிற் குரலின் விலை

பொருளியல் வரலாற்றை எழுதுவோர் நெல்லின் விலையையும் உப்பின் விலையையும் ஆராய்ந்த அளவிற்குப் பேச்சின் விலையை ஆராய்ந்தாரல்லர். தொலைவிலுள்ள உறவினரோடு ஒரு நிமிடம் பேசுவதற்குக் குடும்பமொன்று எவ்வளவு கொடுத்தது, அவ்விலையை நிருணயித்தோர் யாவர், அது எக்காரணத்தால் வீழ்ந்தது என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின், பிரிவே வாழ்க்கைமுறையாகிப்போன ஒரு பிரதேசத்தில் அவை சிறிய வினாக்கள் அல்ல. இணையவழித் தொலைபேசியை வீட்டிற்குத் தெரிவுசெய்து பணத்தை மீதப்படுத்தலாமா என்று இன்று கணக்குப் பார்க்கும் முசலிக் குடும்பமொன்றின் வினாவுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

மன்னார் மாவட்டத்தின் தென்பாகத்தில், அருவியாற்றுக்குத் தெற்கே வில்பத்துக் காட்டின் விளிம்புவரை பரந்து கிடப்பது முசலி. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் முதலிய ஊர்களை உடையது. இலங்கையில் 1858ஆம் ஆண்டில் தந்திச் சேவை தொடங்கியது. தீவை இந்தியாவோடு இணைத்த தந்திவழியும் மன்னாரூடாகவே கடலைக் கடந்தது. எனினும், செய்தி செல்லும் வழியில் இருப்பது வேறு, செய்தி அனுப்பும் வசதியைப் பெறுவது வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் முத்துக்குளிப்புக் காலங்களில் மறிச்சுக்கட்டியில் ஓலைக் கொட்டில்களாலான தற்காலிக நகரமொன்று எழும். நீதிமன்றம், வைத்தியசாலை ஆகியவற்றோடு அஞ்சல், தந்தி நிலையங்களும் அங்கே அமைக்கப்பட்டன. முத்து வணிகருக்குப் பம்பாயின் விலைநிலவரம் உடனே தேவைப்பட்டது. குளிப்பு முடிந்ததும் நகரம் கலைந்துவிடும். தொடர்புச் சாதனம் இக்கரைக்கு முதலில் வந்தது முத்தின் பொருட்டேயன்றி மக்களின் பொருட்டன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

தொலைபேசி நெடுங்காலம் அரச திணைக்களமொன்றின் கைவசம் இருந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. இம்மாற்றம் கொழும்பில் நிகழ்ந்துகொண்டிருந்தபோது முசலி ஏறத்தாழ வெறுமையாகிக் கிடந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியினர் பலர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அகதி முகாம்களிற் குடியேறினர். தமிழ்க் குடும்பங்கள் பலவும் போரினால் மடு முதலிய இடங்களுக்கும் கடல் கடந்து தமிழகத்துக்கும் சிதறின. இவற்றோடு, மத்திய கிழக்கிற்கு வேலை தேடிச் சென்றோரின் பிரிவும் சேர்ந்தது. இவ்வாறு ஒரே குடும்பம் மூன்று இடங்களில் வாழும் நிலை தோன்றிற்று.

அக்காலத்திற் பேச்சு அரும்பொருள். கடிதமும், குரலைப் பதிந்தனுப்பும் ஒலிநாடாவுமே பெரிதும் துணைநின்றன. அழைக்க வேண்டின் பட்டினத்துத் தொலைத்தொடர்புக் கடைக்குச் சென்று, கண்ணாடிக் கூண்டினுள் நின்று, ஓடும் மணிக்காட்டியைப் பார்த்தபடியே பேச வேண்டும். நலம் விசாரிப்பதற்குள் நிமிடம் முடியும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அழைப்பு முடிவதும் உண்டு.

இவ்வுயர்ந்த விலைக்குத் தூரமே காரணம் எனக் கருதுவது பிழை. ஒரு நாட்டின் நிறுவனம் மற்றொரு நாட்டின் நிறுவனத்திடம் அழைப்பை ஒப்படைக்கும்போது நிமிடத்துக்கு இவ்வளவெனத் தொகையொன்றைச் செலுத்தியது. அத்தொகை உண்மைச் செலவைப் பெரிதும் விஞ்சியிருந்தது. வளரும் நாடுகளுக்கு அது அந்நியச் செலாவணி வருவாயாகவும் அமைந்தமையால் குறைப்பதற்கு எவரும் விரைந்தாரல்லர். 1997இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் இத்தொகைகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டில் ஸ்ரீ லங்கா ரெலிக்கொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கு யப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சர்வதேச அழைப்புகள்மீதான தனியுரிமை மட்டும் 2002 ஓகஸ்ட் வரை அந்நிறுவனத்துக்கே இருந்தது. 2003இல் வேறு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு நுழைவாயில் உரிமங்கள் வழங்கப்படவே கட்டணம் வேகமாகச் சரிந்தது. கடலின் அகலம் குறையவில்லை. வாயிலைக் காத்தோரின் தொகையே கூடிற்று.

அவ்வாயிலையே சுற்றிச் சென்றது இணையவழிப் பேச்சு. குரலைச் செக்கனுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கங்களாக மாற்றினால் செக்கனுக்கு 64,000 இலக்கங்கள் கிடைக்கும். அவற்றைச் சிறு பொதிகளாகக் கட்டிக் கடிதங்களைப் போல அனுப்பி, மறுமுனையில் ஒழுங்குபடுத்திக் குரலாக்குவதே இம்முறை. சுருக்கும் முறைகளால் இதனை எட்டிலொரு பங்காகவும் குறைக்கலாம். பழைய முறையில் ஓர் அழைப்பு முடியும்வரை ஒரு வழி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படும். புதிய முறையிலோ ஒரே வழியிற் கடிதமும் படமும் குரலும் ஒன்றாகச் செல்லும். ஆதலால், இணையத்துக்கு மாதக் கட்டணம் செலுத்தியவருக்குக் குரலின் மேலதிகச் செலவு மிகச் சிறிது. அமெரிக்க ஆய்வு வலையமைப்பில் 1970களின் முற்பகுதியிலேயே சோதிக்கப்பட்ட இம்முறை, 1995இல் கணினி மென்பொருளாக விற்பனைக்கு வந்து, 2003இல் தோன்றிய ஸ்கைப் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. மேனாடுகளிற் சாதாரணத் தொலைபேசிக் கருவியைச் சிறு பெட்டியொன்றினூடாக இணையத்தோடு பொருத்தும் வீட்டுச் சேவைகளும் எழுந்தன.

முசலியின் மீள்குடியேற்றம் ஒரே சீராக நிகழவில்லை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் சிலர் திரும்பினர். 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய காலத்தில் மீண்டும் இடம்பெயர்வு ஏற்பட்டது. 2009இற்குப் பின்னரே பெருமளவினர் வந்து சேர்ந்தனர். முள்ளிக்குளம் மக்கள் கடற்படை முகாம் காரணமாகத் தம் ஊருக்குள் புகமுடியாது மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தனர். இதற்கிடையில் இலங்கையின் கிராமங்களுக்குக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி வந்துவிட்டது. பின்னர்க் கைத்தொலைபேசியும், வட்ஸ்அப் போன்ற செயலிகளும் வந்தன. வட்ஸ்அப் 2015இற் குரல் அழைப்பு வசதியை அளித்தது. கூண்டினுள் நின்று நிமிடங்களை எண்ணிய தலைமுறையினர், சமைத்துக்கொண்டே றியாத்திலுள்ள மகளோடு முகம் பார்த்துப் பேசுவது இயல்பாயிற்று. மீதமானது பணம் மட்டுமன்று. அவசரமின்றிப் பேசும் உரிமையும் மீண்டது.

எனினும் மலிவுக்கும் ஒரு விலை உண்டு. பழைய செப்புக்கம்பித் தொலைபேசி, நிலையத்து மின்கலங்களிலிருந்து கம்பி வழியாகவே 48 வோல்ற்று மின்னைப் பெற்றது. ஊர் இருண்டாலும் அது ஒலிக்கும். இணையப் பெட்டியோ வீட்டு மின்சாரத்தை நம்பியது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு நிலவியபோது இவ்வேறுபாடு அனைவருக்கும் விளங்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்களும் 20 வீதம் உயர்ந்தன. முகவரி பற்றிய இடரும் உண்டு. 2008இற் கனடாவின் கல்கரி நகரில் நோயுற்ற குழந்தையொன்றுக்காக இணையவழித் தொலைபேசியில் அவசர உதவி கோரப்பட்டது. நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்த பழைய முகவரிக்கு, வேறொரு மாகாணத்துக்கு, நோயாளர் வண்டி அனுப்பப்பட்டது. குழந்தை இறந்தது. அடிக்கடி இடம்பெயர்ந்த மக்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

மூன்றாவது இடர் வாயிலைப் பற்றியதே. சுற்றிச் சென்ற வாயிலை அரசுகள் மீண்டும் அடைக்கலாம். சவூதி அரேபியா இணையவழி அழைப்புகள்மீதான தடையை 2017 செப்டெம்பரிலேயே நீக்கிற்று. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அதன் பின்னரும் கட்டுப்பாடு நீடித்தது. இலங்கையிலோ 2019 ஏப்பிரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளை அடுத்து இச்செயலிகள் முடக்கப்பட்டன. உறவினர் உயிரோடு உள்ளனரா என்று ஒவ்வொரு வீடும் கேட்டறியத் துடித்த வேளை அது. அன்று சாதாரணத் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்திருந்தோர் பேச முடிந்தது.

ஆகவே, வீட்டிற்கான தொலைபேசிச் சேவையைத் தெரிவுசெய்யும்போது நிமிடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுதல் அரைக் கணக்காகும். இணையத்தின் மாதக் கட்டணம், பெட்டிக்கான மின்கலத்தின் விலை, பதிவான முகவரியின் செம்மை, மறுமுனை நாட்டின் சட்டம் ஆகியவற்றையும் கூட்டுதல் வேண்டும். நாள்தோறும் நிகழும் நெடும்பேச்சுக்கு இணையவழியையும், ஆபத்து வேளைக்குச் சாதாரண இலக்கமொன்றையும் வைத்துக்கொள்வதே வரலாறு காட்டும் சிக்கனம். முத்தைத் தேடி வந்த தந்தி முத்தோடு போயிற்று. தம் உறவைத் தேடி இம்மக்கள் தாமே தெரிந்துகொள்ளும் வழியேனும் இருளிலும் அடைப்பிலும் அவர்களைக் கைவிடாததாக இருத்தல் வேண்டும்.