ஓரிக்கு அப்புறம் என்ன ஆச்சு?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்திருப்பீர்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்த வேட்டையைப் பற்றி வன்பரணர் பாடியதையும் சொல்லியிருப்பீர்கள். "அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?" என்று பிள்ளை கேட்டால்தான் நமக்கு வாய் அடைத்துப் போகிறது.

சங்கப் பாடல்கள் அதை மறைக்கவில்லை. திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. வென்ற காரி ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது ஊரே திரண்டு கூச்சலிட்டதை நற்றிணையில் கபிலர் ஓர் உவமையாகவே வைத்திருக்கிறார். கேட்பவர் அனைவருக்கும் அந்தச் சாவு தெரிந்திருந்தால்தான் அப்படி ஓர் உவமை எடுபடும்.

சாவைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்ற இதே தயக்கம் கார்ட்டூன் படங்களின் வரலாற்றிலும் உண்டு. 1942இல் வந்த டிஸ்னியின் 'பாம்பி'யில் மான்குட்டியின் தாய் சுடப்படுகிறது. நமக்குக் கேட்பது துப்பாக்கிச் சத்தம் மட்டும். குட்டி பனியில் தாயைத் தேடி அலையும். தாய் இனி வராது என்று தந்தை சொல்லும். அடுத்த காட்சியில் வசந்தம் வந்துவிடும், பறவைகள் பாடும். அழுவதற்கு நேரமே கிடையாது.

1994இல் 'தி லயன் கிங்' ஒரு படி மேலே போனது. சிம்பா இறந்த தந்தையை எழுப்பப் பார்க்கிறது, முடியாமல் அதன் கைக்குள் புகுந்து படுத்துக்கொள்கிறது. பிறகு கிடைத்த நண்பர்கள், பழையதை மறந்துவிடு என்கிறார்கள். சிம்பாவும் மறந்ததுபோலவே வளர்கிறது. ஆனால் தந்தையின் நினைவை நேருக்கு நேர் சந்தித்த பிறகுதான் அதனால் ஊர் திரும்ப முடிகிறது.

2015இல் வந்த 'இன்சைடு அவுட்' படத்தில், ஊர் மாறி வந்த ரைலி என்ற சிறுமியின் மனதுக்குள் மகிழ்ச்சியும் சோகமும் ஆளுருவில் இருக்கின்றன. சோகத்தை ஒரு வட்டத்துக்குள் நிற்கவைத்து, வெளியே வராதே என்கிறது மகிழ்ச்சி. கடைசியில் ரைலி அழுத பிறகுதான் அம்மா அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். 2017இல் வந்த 'கோகோ' மெக்சிகோவின் முன்னோர் திருநாளைக் காட்டியது. வீட்டில் இறந்தவர் படம் வைத்துப் படைக்கிறார்கள். உயிரோடிருப்பவர்கள் மறந்துவிட்டால்தான் இறந்தவர்கள் உண்மையில் இல்லாமல் போகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் படையல் போடும் நமக்கு இது புதிதா என்ன? போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுக் கும்பிட்ட ஊர்கள் நம்முடையவை.

சாவைச் சொல்லலாம், அழ விடலாம், பிறகு சேர்ந்து நினைத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு வர, இந்தப் படங்களுக்கு 75 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நாமோ அடுக்குமாடிக்கு வந்த பிறகு எதிர்த்திசையில் நடக்கிறோம். ஒரு வீட்டில் தாத்தா காலமானால், பிள்ளைகளை வேறு பிளாக்குக்கு அனுப்பி டிவி போட்டுக் கொடுத்துவிடுகிறோம். திரும்பி வரும்போது கட்டில் காலியாக இருக்கிறது. "சாமிகிட்ட போயிட்டாங்க" என்பதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது.

பிள்ளைக்குத் தாங்கிக்கொள்ளத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கேட்கும்போது நேராகச் சொல்லுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அதையும் பார்க்கட்டும். தாத்தாவின் படத்துக்குப் பூ வைக்கும் வேலையை அதனிடமே கொடுங்கள்.

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கும். இந்த முறை பிள்ளைகளோடு போனால், அம்பு விட்ட கதையோடு நிறுத்திவிடாதீர்கள். ஓரி எப்படி இறந்தான், ஊர் எப்படிக் கதறியது என்பதையும் சொல்லுங்கள். அத்தனை தலைமுறை கழித்தும் அவனுக்கு விழா எடுக்கிறார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.