கச்சத்தீவு அந்தோணியார்: ஒப்பந்தத்துக்கு முந்தைய உரிமை



கச்சத்தீவு என்றதும் நம் மேடைகள் 1974ஐப் பேசுகின்றன. யார் கொடுத்தார், யார் தடுக்கவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தீவைத் தம் வழிபாட்டால் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் உழைக்கும் மக்களின் வரலாற்றை நாம் பேசுவதில்லை.

தீவின் பரப்பு 285 ஏக்கர். குடிநீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. இருப்பது அந்தோணியார் கோயில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாழை மீனவர் சீனிக்குப்பன் படையாட்சி அதை எழுப்பினார் என்பது கடற்கரை மக்களின் வழக்கு. மீனவர்கள் வலை உலர்த்தி இளைப்பாறிய மண் அது. நாட்காட்டியில் புனிதரின் திருநாள் ஜூன் 13. இங்கோ தவக்காலத்தை ஒட்டி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கொடியேறும். இராமேசுவரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் சேர்ந்து சிலுவைப் பாதை நடப்பார்கள். இரவில் தேர்ப்பவனி, காலையில் திருப்பலி. கடல் பிரித்த உறவுகள் சந்தித்துக்கொள்வதும் அங்கேதான்.

1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு இந்த வழக்கத்தை ஏற்றது. இந்திய மீனவரும் பயணிகளும் இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ இன்றி, முன்புபோலவே வந்துபோகலாம் என்றது. 'முன்புபோலவே' என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே இருந்த உரிமையின் கீழ்தான் இரு அரசுகளும் கையெழுத்திட்டன. ஆனாலும் போர்க்காலத்தில் திருவிழா பல ஆண்டுகள் தடைபட்டது. 2009இல் போர் முடிந்தபின்தான் மீண்டும் தழைத்தது. இன்று பெயர்ப்பதிவு, காவல்துறைச் சரிபார்ப்பு, கடற்படைக் கண்காணிப்பு ஆகியவற்றைக் கடந்தே போக வேண்டும். 2016இல் திறக்கப்பட்ட புதிய கோயிலை இலங்கைக் கடற்படையே கட்டியது. மீனவரைக் கைதுசெய்யும் படைதான் அவர்களுக்குக் கோயிலும் கட்டித் தந்தது!

2024இல், சிறைப்பட்டவர்களுக்காக இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். தமக்கு மிகவும் வேண்டியதை விட்டுக்கொடுத்துத்தான் அவர்கள் போராட வேண்டியிருந்தது.

இதில் நாம் மறைக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. நம் கரையிலிருந்து போகும் இழுவைமடிப் படகுகள் ஈழத்து மீனவரின் வலைகளை அறுக்கின்றன. போரில் எல்லாம் இழந்து மீண்டவர்கள் அவர்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது. படகு முதலாளிக்கு நட்டம் படகோடு போகிறது. சிறைக்குப் போவதோ பெரும்பாலும் கூலிக்குப் போன தொழிலாளி.

இரு கரை மீனவர்களும் 2010லும் 2014லும் நேருக்கு நேர் பேசியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கோயிலில் மண்டியிடுபவர்கள் அவர்கள். அந்தத் திருவிழா நாள்களிலேயே இரு கரைப் பிரதிநிதிகளும் தீவில் உட்கார்ந்து பேசட்டும். 5ஆம் பிரிவு நடைமுறைக்கு வரட்டும். தீவை மீட்போம் என்று முழங்கும் கட்சிகளிடம் முதலில் இந்த இரண்டையும் கேட்போம்.