பளியன்குடியில் நிற்கும் பேருந்து

சித்திரை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குப் பேருந்துகளின் நெற்றியில் 'சிறப்பு' என்ற சொல் ஏறிவிடும். முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. மலைமேல் சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோட்டம். வீரபாண்டிக்குப் போகிறவர்கள் கோயிலருகிலேயே இறங்கிவிடலாம். நாம் இங்கே பேச விரும்புவது கண்ணகியிடம் போகும் பேருந்தைப் பற்றி.

தனியார் பேருந்துகள் ஓடிய இத்தடங்களுக்கு 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சாதிக் கலவரங்களையடுத்து 1997-இல் மன்னர், தலைவர் பெயர்களெல்லாம் நீங்கி, அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் மட்டும் எஞ்சியது. கம்பத்துக்கு ரயில் என்றுமே வந்ததில்லை. மதுரை - போடி ரயிலும் அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2022 மே மாதத்தில்தான் தேனிக்குத் திரும்பியது. அதுவரை பதினோரு ஆண்டுகளுக்கு மேல் மாவட்டத்தின் திருவிழாக் கூட்டம் முழுவதையும் பேருந்துகளே சுமந்தன.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்று 1963-இல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு அதன்பிறகு அந்த மலை வெறும் மலையாக இல்லை. ஆனால் அங்கே போவதற்கு ஆண்டில் ஒரே ஒரு பகல்தான் உண்டு. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி அந்த ஒரு நாளுக்கான விதிகளை வகுக்கிறார்கள். குமுளியிலிருந்து கேரளத்துக் காட்டுவழியே ஜீப்புகள் கோயில்வரை ஏறுகின்றன. தமிழகப் பக்கத்திலோ, கம்பத்திலிருந்து புறப்படும் சிறப்புப் பேருந்து லோயர் கேம்ப்பை அடுத்த பளியர் குடியிருப்பான பளியன்குடியில் நின்றுவிடுகிறது. அப்பால் ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், செங்குத்தான நடை.

2024-இல் சேப்பாக்கம் ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு, ஆட்டச் சீட்டே மாநகரப் பேருந்தில் பயணச் சீட்டாகவும் செல்லும் என்று அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். நகரத்தில் சிறப்புப் பேருந்தின் வேலை ரசிகனை வாசலில் இறக்கிவிடுவது. இங்கே அது அடிவாரத்தில் இறக்கிவிட்டு அந்திவரை காத்திருக்கிறது.

பளியன்குடியிலிருந்து தார்ச்சாலை வேண்டும் என்ற கோரிக்கை பழையது. முழங்கால் வலியோடு பாதிவழியில் உட்கார்ந்துவிடும் மூதாட்டிகளுக்காக அது எழுவதால் அதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் மேலே இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லைக் காடு. இந்தப் பக்கத்து மேகமலைக் காடுகளும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டன. ஒரு நாள் வழிபாட்டுக்காக ஆண்டு முழுவதும் திறந்து கிடக்கும் சாலையை வெட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. இருக்கின்ற நடைபாதையைச் செப்பனிட்டு, இடையிடையே நிழலும் தண்ணீரும் வைப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது என்றே நினைக்கிறோம். இதைக் கேட்கத்தான் ஆளில்லை.

வருசநாட்டு மலைத்தொடரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது கோட்டம். வருசநாடு ஊரோ அதே தொடரின் மறுபுறத்தில், வைகையின் பிறப்பிடத்தருகே. பௌர்ணமிக்குப் போக விரும்பும் வருசநாட்டுக்காரர் கடமலைக்குண்டு வழியாகத் தேனிக்கு இறங்கி, கம்பம் சென்று, பளியன்குடிப் பேருந்தைப் பிடித்து, தம் மலையையே சுற்றிவந்து ஏறுகிறார்.