எல்லைப்புறச் சிற்றூர்களில் தையற்பொறி

களியக்காவிளையைக் கடந்து வடமேற்கே சிறிது தொலைவு சென்றால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்றபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கோட்டின் இப்பால் பெண் கொடுத்தலும் அப்பால் பெண் எடுத்தலும் இன்றளவும் நடைபெறுகின்றன. ஒரே வீட்டில் தாய் தமிழிலும் மக்கள் மலையாளத்திலும் கடிதம் எழுதுவர். அவ்வூர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டு வெளியேறி, இக்காலனியில் குடியேறியுள்ள நம்மில் பலர்க்கு ஊர் என்றவுடன் நினைவுக்கு வரும் ஓசைகளுள் ஒன்று, மழைநாளின் பிற்பகலில் திண்ணையில் ஓடும் தையற்பொறியின் ஓசையாகும்.

ஆண்டு விழா மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதித் தருக என்று குழுவினர் பணித்தபோது, கோயிலையும் அரண்மனையையும் விடுத்து இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அண்மையில் நம் காலனியில் ஒரு வீட்டார், தம் பாட்டியாரின் தையற்பொறியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட முடிவு செய்தனர். சக்கரம் அசையவில்லை, பொறி இறந்துவிட்டது என்றனர். நாம் சென்று அடித்தகட்டைத் திறந்து பார்த்தோம். பொறி இறக்கவில்லை. தேங்காயெண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்து பிசினாகி மூட்டுகளை இறுகப் பிடித்திருந்தன. ஊரில் எவ்வளவோ பேணப்பட்ட ஒரு பொருள் இங்கு இந்நிலை அடைவானேன்? விடை தேடுவார் சற்றுப் பழைய கதைக்குச் செல்லவேண்டும்.

நெய்யாற்றின்கரை வட்டம் நெசவுக்குப் பெயர் பெற்றது. பாலராமவர்மா ஆண்ட காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ச் சாலியர் குடும்பங்கள் வருவிக்கப்பெற்றுப் பாலராமபுரத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் நெய்த முண்டும் நேரியதும் இன்றும் புகழோடு விளங்குகின்றன. அவை ஊசி படாத ஆடைகள். தறியிலிருந்து இறங்கியவாறே உடலைச் சேர்வன. அக்காலத் திருவிதாங்கூரில் ஆணும் பெண்ணும் உடுத்தது பெரும்பாலும் இவ்வகை ஆடையே. ஆனால் அவ்வாடையையும் தோளில் இடுவதற்கு எல்லார்க்கும் உரிமை இருக்கவில்லை. நாடார் முதலிய குலத்துப் பெண்கள் மேலாடை அணிதலாகாது என்ற கொடிய வழக்கம் நிலவியது.

1810-க்குப் பின் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவராகிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று இசைவளித்தார். குப்பாயம் என்பது தைத்த மேற்சட்டை. இங்கு நாம் ஒன்றை ஊன்றிக் காணவேண்டும். உயர்குலப் பெண்டிர் அணிந்த தோட்சீலை தைக்காத துணி. அதனைப் பிறர் அணிவது குற்றம். தைத்த சட்டைக்கோ இடம் தரப்பட்டது. எனவே மானத்தைக் காக்க வேண்டிய பெண்ணுக்கு நெய்தவன் கைத்துணி மட்டும் போதவில்லை. ஊசியும் நூலும் வேண்டியிருந்தன. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மால்ட் என்பாரின் மனைவியார் மார்த்தா மால்ட் 1819இல் நாகர்கோயிலுக்கு வந்து பெண்களுக்குப் பள்ளி நடத்தித் தையலும் பின்னல் வேலையும் கற்பித்தார். நெய்யூரிலும் பாறசாலையிலும் அச்சங்கத்தின் நிலையங்கள் அமைந்தன. ஊசி பிடிக்கும் கல்வி இவ்வழியாகவும் சிற்றூர்களுக்குள் நுழைந்தது.

இவ்வுரிமை எளிதில் கிட்டவில்லை. 1822 முதற்கொண்டு கலகங்கள் மூண்டன. சந்தைக்குச் சென்ற பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது, பள்ளிகள் எரிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டின் அரசாணை தோட்சீலையை மறுத்தது. 1858, 1859ஆம் ஆண்டுகளில் கலகம் மீண்டும் தலைதூக்கியது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்தியதன் பின், 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிக்கை வெளியிட்டார். நாடார் குலப் பெண்கள் சட்டை அணியலாம், முரட்டுத்துணியும் போர்த்தலாம், ஆனால் உயர்குலத்தாரைப் போல் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். அரைகுறை உரிமைதான். எனினும் அன்றுமுதல் அச்சமின்றிச் சட்டை தைக்க வழி பிறந்தது.

அச்சட்டைகள் யாவும் கையால் தைக்கப்பட்டவை. கடல்களுக்கு அப்பால் அதே ஆண்டுகளில் தையற்பொறி உருவாகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுத் தையற்காரர் திமோனியே 1830இல் ஒரு பொறிக்கு உரிமம் பெற்றார். தம் பிழைப்புப் போகும் என்று அஞ்சிய பாரிசுத் தையற்காரர்கள் அவருடைய பொறிகளை உடைத்தெறிந்தனர். அமெரிக்கரான எலியாஸ் ஹோ, ஊசியின் கண்ணை அதன் முனையில் வைத்து, கீழிருந்து வரும் இரண்டாம் நூலோடு மேல்நூலைப் பூட்டும் முறைக்கு 1846இல் உரிமம் பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தம் பொறியைக் கொண்டுவந்தார். ஆலன் வில்சன் துணியைத் தானே நகர்த்தும் பற்களை 1854இல் செம்மைப்படுத்தினார். இன்று நம் வீட்டிலுள்ள கறுப்புப் பொறி இந்நால்வர்க்கும் கடன்பட்டது. 1856 முதல் சிங்கர் நிறுவனம் தவணைமுறையில் விற்கத் தொடங்கியது. பல நாடுகளிலும் நடுத்தர வீடுகளுக்குள் பொறி நுழைந்தது அதனாலேதான். இந்தியாவில் அதனைப் பரப்பியவர் நசர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்னும் பார்சிப் பெருவணிகர். பிற்பாடு, 1930-களில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்னும் ஆலை நம் நாட்டிலேயே உஷாப் பொறியைச் செய்யத் தொடங்கிற்று.

நெய்யாற்றின்கரைக்கும் தையற்பொறிக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. அதனை நம்மவருள் அறிந்தார் சிலரே. 1924இல் தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்த இளைஞர் ஒருவர், தாங்கள் எல்லாப் பொறிகளுக்கும் பகைவரோ என்று வினவினார். அடிகள், பொறிகளின்மீது கொண்ட வெறியையே தாம் வெறுப்பதாகவும், தையற்பொறிக்கு விலக்களிப்பதாகவும் கூறினார். கையால் தைத்துத் துன்புற்ற மனைவியின்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதனைச் செய்தார் என்றும் எடுத்துரைத்தார். இளைஞர் விடவில்லை. தையற்பொறி வேண்டுமாயின் அதனைச் செய்யும் பெரிய ஆலையும் வேண்டுமன்றோ என்றார். அடிகள் உடன்பட்டு, அத்தகைய ஆலைகள் நாட்டின் உடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்றார். அவ்விளைஞரே ஜி. இராமச்சந்திரன். பின்னாளில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். தம் முதுமையை நெய்யாற்றின்கரை ஊருட்டுகாலையிலுள்ள மாதவி மந்திரத்தில் கழித்தவர். சிங்கரைப் பற்றி அடிகள் கேட்டிருந்த கதை இனிய கதைதான். வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. பாஸ்டன் நகரப் பட்டறையொன்றில் பழுதுபார்க்க வந்த பொறியைச் சீர்திருத்தியே சிங்கர் தம் பொறியைக் கண்டார். மனைவி தைத்து வாடுவதைக் கண்டு வருந்தியவர் என்ற புகழ் ஹோவுக்கே பொருந்தும் என்பர்.

இனி, ஊரில் பொறி பேணப்பட்ட முறைக்கு வருவோம். எங்கள் பாட்டி எழுத்தறியாதவர். ஆயினும் சனிக்கிழமைதோறும் பொறியைத் திறந்து பாராமல் இரார். மருமகள்மார் தைக்க உட்கார்ந்தால், "எண்ணெய் விட்டுட்டு ஓட்டுங்க மக்களே" என்று அடுக்களையிலிருந்தே குரல் வரும். குப்பாயம் தைத்த தலைமுறையின் பேத்தி அவர். கைம்பெண்ணாகி மூன்று பிள்ளைகளை அப்பொறியால் படிக்கவைத்தார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் இரவு விளக்கை அணைத்ததில்லை.

அவர் செய்தது இதுவே. முதலில் ஊசியைக் கழற்றுவார். அடுத்து ஊசித்தட்டின் இரு திருகுகளையும் நீக்கி, கீழுள்ள பற்களின் இடுக்கில் மெத்தைபோல் படிந்த பஞ்சைப் பழைய பல்துலக்கியால் துடைப்பார். துணி நகரவில்லை என்று குறைகூறுவோரில் பாதிப்பேர் இப்பஞ்சை எடுத்தாலே போதும். பாபின் கூட்டை வெளியே எடுத்து, அதன் நூல் செல்லும் பிளவைத் துடைப்பார். அங்கு ஒரு நூலிழை சிக்கினாலும் கீழ்த்தையல் தொளதொளக்கும். பின் ஓடத்தை மூடிய வளையத்தின் தாழ்களை விலக்கி, பிறைவடிவக் கொக்கியைக் கையிலெடுத்துத் துடைத்து, அது சுழலும் பாதையில் ஒரே ஒரு துளி எண்ணெய் விடுவார். அழுத்துபாதத்தைத் தூக்கிவைத்து, நூலை இறுக்கும் தட்டுகளுக்கிடையே மெல்லிய துணியை இழுத்தெடுப்பார். பாதம் தாழ்ந்திருக்கும்போது தட்டுகள் இறுகியிருக்குமாதலின் அப்போது துடைப்பதில் பயனில்லை. மேலுள்ள துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி. மிதிபலகையின் மூட்டிலும் கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துளி. தோல்வாரில் மட்டும் எண்ணெய் படலாகாது. பட்டால் சக்கரம் வழுக்கும். வார் தளர்ந்தால் அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மீண்டும் மாட்டவேண்டும். எல்லாம் முடிந்தபின் கந்தல் துணியில் சிறிது நேரம் தைத்துப் பார்ப்பார். மிகையான எண்ணெய் அக்கந்தலில் இறங்கிவிடும். நல்ல துணியில் கறை விழாது.

எண்ணெய் என்றால் எது? இங்குதான் பிழை நேர்கிறது. அப்பகுதி தென்னைநாடு, தலைக்கும் தாளிதத்துக்கும் தேங்காயெண்ணெயே. கைக்கெட்டியதை ஊற்றிவிடுவது எளிது. ஆனால் அது குளிரில் உறையும்; நாட்பட்டால் சிக்குப்பிடித்துத் தூசியை இழுக்கும். தையற்பொறிக்கென விற்கும் தெளிந்த கனிம எண்ணெயே ஏற்றது. பாட்டி அச்சிறு புட்டியைத் தம் மாற்றுச்சேலையோடு பெட்டியில் பூட்டிவைத்தது கஞ்சத்தனம் என்று நாம் சிறுவயதில் நகைத்ததுண்டு.

மேலும் அந்நாடு ஆண்டுக்கு இருமுறை மழை பெறுவது. இடவப்பாதியும் துலாமழையும் இரும்பைச் சும்மா விடா. மழைக்காலத்தில் ஊசித்தண்டையும் தட்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பாதத்தின் கீழ் ஒரு துண்டுத்துணியை வைத்து, மூடியிட்டு, தரையின் ஈரம் ஏறாதவாறு காலடியில் பலகை இடுவர். நம் காலனியில் மழை குறைவு, புழுதி மிகுதி. இங்கு மூடியே முதற்காவல்.

இறுகிப்போன பொறியை என் செய்வது? அவ்வீட்டில் நாம் செய்ததைக் கூறுகிறோம். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் பொறியை வைத்து, வாரைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மூட்டிலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைத்தோம். கறுப்பு மேனியிலுள்ள பொன்னிறக் கொடியில் அது படாது காத்தோம். பட்டால் பொன் மங்கும். மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். வலிந்து திருப்பவில்லை. மூன்றாம் நாள் முழுச்சுற்று வந்தது. பழுப்புக் குழம்பாக வழிந்ததைத் துடைத்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்து, உலர்ந்தபின் நல்லெண்ணம் போலச் சிறுகச் சிறுகப் பொறியெண்ணெய் இட்டோம். மண்ணெண்ணெய் கழுவுமேயன்றி உராய்வைக் காவாது. அதனோடு நிறுத்தினால் உலோகம் தேயும். புதிய 16ஆம் எண் ஊசி ஒன்று, அதன் தட்டைப்பக்கம் முன்பிருந்த திசையிலேயே நிற்க மாட்டப்பட்டது. சக்கரத்தைத் தைப்பவர் பக்கமாகவே சுற்றுமாறு அவ்வீட்டுச் சிறுமிக்குக் காட்டினோம். எதிர்ப்புறம் சுற்றினால் ஓடத்தில் நூல் சிக்கும்.

கொக்கியின் அடியிலிருந்து எடுத்த பஞ்சில் நீலநூல் துணுக்குகள் இருந்தன. அவ்வீட்டு அம்மையார் அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, தாம் ஆறாம் வகுப்பில் அணிந்த பாவாடையின் நூல் அது என்றார். பொறி இப்போது அவர்கள் முன்னறையில் சன்னலோரம் நிற்கிறது. ஆண்டு விழா நாடகத்தில் வரும் சிறுமியர் எண்மரின் சட்டைகள் அதில் தைக்கப்பட்டவை.