கருவியியல் கட்டுப்பாட்டுப் பொறியாளர்

கருவியியல் கட்டுப்பாட்டுப் பொறியாளர் என்பவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, அனல்மின், உரம் போன்ற ஆலைகளில் அழுத்தம், வெப்பநிலை, பாய்வு, மட்டம் ஆகியவற்றை அளந்து, குறித்த அளவில் நிலைநிறுத்தும் மின், மின்னணு அமைப்புகளை வடிவமைத்துப் பராமரிப்பவர்.

இப்பணியின் அடிப்படை அலகு கட்டுப்பாட்டு வளையம். உணரி காணும் அளவை டிரான்ஸ்மிட்டர் பொதுவாக 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகிறது. கன்ட்ரோலர் அதை இலக்கு மதிப்புடன் ஒப்பிட்டு வால்வை இயக்குகிறது. அளவு சுழியாக இருக்கும்போதும் 4 மில்லிஆம்பியர் ஓடுவதால், மின்னோட்டம் அடியோடு நின்றால் கம்பி அறுந்தது உடனே தெரியும். இத்துறையின் மிகச் சிறந்த ஏற்பாடுகளுள் இது ஒன்று. வால்வும், அதை இயக்கும் அழுத்தக்காற்று நின்றால், தீங்கற்ற நிலைக்குச் செல்லுமாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது: உலையின் எரிபொருள் வால்வு மூடிக்கொள்ளும், குளிர்நீர் வால்வு பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

கப்பல் திசைதிருப்பலை ஆராய்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் கன்ட்ரோலர்கள் பின்பற்றும் பி.ஐ.டி. (விகித-தொகையீட்டு-வகையீட்டு) கட்டுப்பாட்டின் கணித அடிப்படையை வெளியிட்டார். அதன் மதிப்புகளைச் சீரமைக்கும் விதிகளை 1942இல் சீக்லரும் நிக்கல்சும் தந்தனர். 1960களின் இறுதியில் ரிலே பலகைகளுக்கு மாற்றாகப் பி.எல்.சி. எனும் நிரல்படுத்தத்தக்க கட்டுப்பாட்டுக் கருவி உருவானது. 1975இல் ஹனிவெல், யோகோகாவா நிறுவனங்கள், கட்டுப்பாட்டைப் பல கன்ட்ரோலர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பரவல் கட்டுப்பாட்டு அமைப்புகளை அறிமுகப்படுத்தின.

ஆபத்து நேரத்தில் ஆலையை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு, அன்றாடக் கட்டுப்பாட்டிலிருந்து பிரித்தே வைக்கப்படுகிறது. செயல்முறை ஆலைகளில் இதற்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 61511. இத்துறைக் கல்வியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் குரோம்பேட்டை மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.), 1949இல் தொடங்கியபோதே கருவித் தொழில்நுட்பத்தைத் தனிப் பாடப்பிரிவாகக் கற்பித்தது.