குடிக்கும் கணவனிடம் எல்லை வகுத்தல்: எதைச் செய்யலாம், எங்கே உதவி கேட்கலாம்?

சம்பள நாள் மாலையில் நாவலப்பிட்டி நகரம் எப்படி இருக்கும் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவோரில் சிலர் அரிசி, மா, சீனி வாங்கப் போவார்கள். சிலர் மதுபானக் கடை வாசலில் நிற்பார்கள். நகரத்துக்கு வராதவர்களுக்குக் கசிப்பு கடனுக்கே கிடைக்கும். லயன் அறையில் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருக்கும் மனைவிக்கு, இன்று அவர் எந்த நிலையில் வருவார் என்பதே கவலை.

வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கவலை புதியதல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பின்னர் போரையும் சந்தித்தன. போரின் உளப்பாதிப்புகளைப் பற்றி எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மதுப்பழக்கத்தையும் அவற்றோடு சேர்த்தே பேசியிருக்கிறார். குடிப்பவரின் மனதில் பெரிய காயம் இருக்கலாம். அதற்காக மனைவியும் பிள்ளைகளும் அடி வாங்க வேண்டும் என்றில்லை.

எல்லை என்றால் என்ன?

“நீங்கள் குடிக்கக் கூடாது” என்பது கட்டளை. அதை நிறைவேற்றுவது அவர் கையில் இருக்கிறது. “நீங்கள் குடித்துவிட்டு வந்தால் நான் உங்களோடு பேச்சு வளர்க்க மாட்டேன், பிள்ளைகளோடு அடுத்த வீட்டில் படுப்பேன்” என்பது எல்லை. அதை நிறைவேற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அவருடைய குடிக்கு நீங்கள் காரணமல்ல. அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது. இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எதைக் கடைப்பிடிக்க முடியும் என்பது தெளிவாகும்.

தோட்டக் குடும்பம் ஒன்றில் வகுக்கக்கூடிய சில எல்லைகள்:

• கசிப்புக் கடனையோ கடைக் கடனையோ நான் அடைக்க மாட்டேன். கடன் கொடுப்பவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.
• வேலைக்குப் போகாத நாளில் “அவருக்குக் காய்ச்சல்” என்று கங்காணியிடம் பொய் சொல்ல மாட்டேன்.
• என் சம்பளம் என் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே இருக்கும். அட்டையும் இரகசிய இலக்கமும் என்னிடமே இருக்கும்.
• குடித்திருக்கும்போது பிள்ளைகளை மோட்டார் சைக்கிளிலோ ஓட்டோவிலோ ஏற்ற விடமாட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். கட்டாயம் காப்பாற்றக்கூடிய ஒன்றை முதலில் எடுங்கள். அதைக் காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, குரலை உயர்த்தாமல் இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். போதையில் இருப்பவரிடம் சொன்னால் அது சண்டையில்தான் முடியும். “அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்” என்று வாராவாரம் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால், அடுத்த முறை சொல்வதற்கு மதிப்பிருக்காது.

முதல் சில வாரங்களில் அவர் அழலாம், கெஞ்சலாம், கோபப்படலாம். மாமியாரும் உறவினரும் “பொறுத்துப் போ” என்பார்கள். ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கும் லயனில் வெட்கமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தச் சுவர் உதவியாகவும் அமையலாம். நம்பிக்கையான ஒரு அயலவரிடம் முன்னரே பேசி, அழைத்தால் கதவைத் திறப்பதாக உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திடீரென நிறுத்துவதில் உள்ள ஆபத்து

நீண்ட காலமாகத் தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு இது உயிராபத்தாகும். ஆகவே அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம். வலிப்போ குழப்பமோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அவர் நிறுத்த விரும்பினால், நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்தியரைச் சந்தித்து, எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களிலும் ஆலோசனை கேட்கலாம்.

அடி விழுந்தால்

கை ஓங்கும் கணவனிடம் எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது ஆபத்து. அங்கே முதல் வேலை உயிரைக் காப்பது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதி ஆவணங்கள், கொஞ்சப் பணம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் வீட்டு வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்காக “நட்பு நிலையம்” இயங்குகிறது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். உடனடி ஆபத்து இருந்தால் இடைக்காலக் கட்டளை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதியிடப்படும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கலாம். அவர் வீட்டுக்குள் வருவதைத் தடுக்கவும், அவரைக் கட்டாய உளவள ஆலோசனைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டளையை மீறினால் தண்டம் அல்லது ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். இதற்காக நீங்கள் விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை.

சம்பாதித்தும் வீட்டுக்குக் கொடுக்காதவரிடமிருந்து, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளுக்கான செலவைக் கோரலாம். தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவியும் கோரலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். நாவலப்பிட்டிப் பகுதிக்கு அது பஸ்பாகே கோறளை பிரதேச செயலகம்.

எல்லை வகுத்த உடனே கணவர் குடியை நிறுத்திவிடுவார் என்று யாரும் உறுதி தர முடியாது. சிலர் சிகிச்சைக்குப் போவார்கள், சிலர் போகமாட்டார்கள். அவர் எதைத் தெரிவு செய்தாலும், அடுத்த சம்பள நாளில் பிள்ளைகளின் அரிசிக் காசு பத்திரமாக இருப்பதும் இரவில் அவர்கள் பயமின்றித் தூங்குவதும் அவருடைய முடிவை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.