சீனன்குடாவில் இரண்டு மணி நேரம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கப்பல்களையுமே எண்ணுவர். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களால் அரண் எழுப்பியதும், ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இத்துறைக்காகப் பொருதியதும், 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி காலையில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் பலரும் அறிந்த செய்திகள். அதே துறைமுகத்தின் உட்கரையில், சீனன்குடா விமானத்தளத்தில், அதன் பின் இரண்டு ஆண்டு கழித்து நிகழ்ந்த ஓர் இயந்திரப் பழுதும் அதன் திருத்தமும் அத்தகைய புகழைப் பெறவில்லை. ஆயினும் கழிபுகையினால் இயங்கும் டர்போ என்னும் கருவியின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அந்நிகழ்ச்சி சிறந்ததொரு வாயில் ஆகும்.

1944 ஓகஸ்ட் 10ஆந் தேதி மாலை 4.45 மணி தொடக்கம், அமெரிக்கரின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 54 சீனன்குடாவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவை வங்காளத்தில் கரக்பூரைச் சூழ்ந்த தளங்களைச் சேர்ந்தவை. இப்பயணத்திற்கென்றே திருகோணமலைக்கு வந்தவை. அவற்றின் பாரத்தைத் தாங்குவதற்காகச் சீனன்குடாவின் ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டிருந்தது. சுமத்திராத் தீவில் யப்பானியர் கையிலிருந்த பலெம்பாங் எண்ணெய் ஆலையே இலக்கு. போவதும் மீள்வதுமாக வழி 3,800 மைலுக்கு மேற்பட்டது. புறப்பட்டவற்றுள் ஒன்று நாற்பது நிமிடத்தில் இயந்திரக் கோளாறினால் திரும்பி வந்தது. அது இரண்டு மணி நேரத்தில் திருத்தப்பட்டு, மறுபடியும் எழுந்து, சுமத்திராவை அடைந்து தன் இலக்கைத் தாக்கியது.

இதன் அருமையை உணர்வதற்கு அவ்வியந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். எந்தப் பெற்றோல் இயந்திரத்தின் வலிமையும் அது எரிக்கும் எரிபொருளின் அளவையும், அவ்வெரிபொருளை எரிக்கத் தக்க காற்றின் நிறையையும் பொறுத்தது. முப்பதினாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே கூடியது, அவ்வளவே. ஆகவே தரையில் யானைபோல் இழுக்கும் இயந்திரம் அங்கே மூச்சுத் திணறும். கொல்லன் உலைக்குத் துருத்தி எதுவோ, உயரப் பறக்கும் இயந்திரத்திற்குக் காற்றழுத்தி அதுவாகும். அத்துருத்தியை ஊதுவது யார் என்பதே வினா. 1942இல் சீனன்குடாவிலிருந்து யப்பானியரை எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்களின் மேர்லின் இயந்திரத்தில், இயந்திரமே பற்சக்கரங்களின் வழியாகத் துருத்தியைச் சுழற்றியது. அதனால் ஈட்டிய வலிமையில் ஒரு பங்கு துருத்திக்கே செலவாயிற்று. பி-29 விமானத்திலும் பற்சக்கரத் துருத்தி ஒன்று இருந்தது. ஆயினும் உயரத்திற்கு வேண்டிய காற்றை ஊட்டும் பெரும்பணியைச் செய்தவை டர்போக்களே. சிலிண்டரிலிருந்து வீணே வெளியேறும் கொதிபுகை ஒரு சில்லைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும். கழித்து விட்டதைக் கொண்டே வலிமை பெறும் உபாயம் இது.

இவ்வுபாயத்தைக் கண்டவர் சுவிற்சலாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி. அவர் 1905இல் காப்புரிமை பெற்றார். செயலிற் பயன்கொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டு சென்றது. முதற்பயன் விளைந்தது நிலத்திலன்று, கடலில். 1920களின் நடுப்பகுதியில் யேர்மனியப் பயணிகள் கப்பல் இரண்டின் டீசல் இயந்திரங்கள் இதனால் முன்னையினும் சுமார் 40 வீதம் மிகுந்த வலிமை பெற்றன. அதற்கு முன்பே, 1918இல், சான்போர்ட் மொஸ் என்னும் அமெரிக்கர், பதினாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு லிபேட்டி விமான இயந்திரமொன்றை ஏற்றிச் சென்று சோதனை செய்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த அது சிகரத்தில் 230 ஆகக் குன்றியது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆக நிமிர்ந்தது. பூஹியின் கருத்தினும் மொஸ்ஸின் மலையேற்றமே உலகிற்கு நம்பிக்கை ஊட்டியது எனலாம்.

ஆயின் புகையோடு நெருப்பும் வரும். பி-29 விமானத்தின் றைற் ஆர்-3350 இயந்திரம் ஒன்பது ஒன்பதாக இரு வளையங்களில் அமைந்த 18 சிலிண்டர்களைக் கொண்டது. கொள்ளளவு 55 லீற்றரை அணுகுவது. எழும்போது தரும் வலிமை 2,200 குதிரைவலு. ஒவ்வோர் இயந்திரத்திற்கும் இரண்டு டர்போக்கள். விமானம் ஒன்றிற்கு எட்டு. இத்துணை வெப்பத்தையும் ஆற்றுவதற்கு நீர் இல்லை, மோதி வரும் காற்றே உண்டு. முன் வளையத்தைக் கடந்து வரும் காற்று பின் வளையத்தை அடையுமுன் சூடேறிவிடும். அதனால் பின் சிலிண்டர்களின் புகைபோக்கு வால்வுகள் கருகின. வால்வு முறிந்தால் சிலிண்டர் உடைந்தது. தீப்பற்றினால் மக்னீசியம் கலந்த உலோகப் பகுதிகள் அணைக்கவொண்ணாது எரிந்தன. 1943 பெப்ரவரி 18இல் சியாற்றில் நகரில் மாதிரி விமானமொன்று தீப்பற்றி வீழ்ந்து, சோதனை விமானி எடி அலனும் உடனிருந்தோரும் மாண்டனர். 1944 ஏப்பிரலில், இந்தியாவுக்கு வரும் வழியில், கராச்சி அருகே விமானங்கள் தொடர்ந்து கெட்டமையால் முழு அணியும் சில நாள் தரையில் நிறுத்தப்பட்டது. காற்றை வால்வுப் பக்கம் திருப்பும் தகடுகளும், பின் சிலிண்டர்களுக்கு மிகுந்த எண்ணெய் செல்லும் வழியும் பிறகு அமைக்கப்பட்டன. நோய் தணிந்தது, தீரவில்லை.

அத்தகைய இயந்திரங்கள் நான்கை நம்பியே ஒவ்வொரு விமானமும் வங்காள விரிகுடாவைத் தாண்டி இரவில் பறந்தது. இயந்திர உறையின் காற்றுக் கதவுகளைத் திறந்தால் சிலிண்டர் ஆறும். ஆனால் கதவு காற்றைத் தடுக்க, வேகங் குன்றி எரிபொருள் வீணாகும். மூடினால் எரிபொருள் மிஞ்சும், வால்வு கருகும். கலவையில் எரிபொருளைக் குறைப்பினும் இவ்வாறே ஒரு பக்கம் இலாபமும் மறுபக்கம் அபாயமும் உண்டு. குறைவாகத் திறந்தவன் தீயிற் படுவான், மிகையாகத் திறந்தவன் கடலில் வீழ்வான் என்ற நிலையில், சுமார் பத்தொன்பது மணி நேரம் அக்கதவுகளைக் கண்காணித்த பொறியாளரின் தொழில் குண்டு வீசியவரின் தொழிலுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து, சீனன்குடாவுக்குச் சுமார் 90 மைல் தூரத்தில் கடலில் இறங்கியது. அதில் உயிர் தப்பியோர் பின்னர் மீட்கப்பட்டனர்.

இனி அந்த இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் பதினெட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுதல் எவராலும் இயலாது. களத்தில் பெருங்கோளாறு கண்டால் இயந்திரத்தை முழுதாகக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதே வழக்கம். கழற்றியதைப் புதுக்குதல் தொலைவிலுள்ள பெரும்பட்டறையின் வேலை. ஆகவே சீனன்குடாவில் திருத்தப்பட்டது சிறு பழுதாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் பழுது சிறிது என்பதை அறிவதே பெரிய வேலை. மாலை மங்கும் வேளையில், குண்டும் எரிபொருளும் நிரம்பிய விமானத்தின் கீழ் நின்று, கை வைக்கவொண்ணாத சூட்டில், இது கருகும் வால்வன்று, இது போகத்தக்கது என்று முடிவு சொன்னவர் எவரோ, அவர் சொல்லைப் பல உயிர்கள் நம்பின. போர் வரலாறுகள் படைத்தலைவர் பெயரைத் தருகின்றன. திருத்தியவர் பெயரைத் தரவில்லை.

தாக்குதலின் பயனோ சொற்பம். பலெம்பாங்கை அடைந்த 39 விமானங்களுள் 31 ஆலையைத் தாக்கின; எட்டு விமானங்கள் தாழப் பறந்து மூசி ஆற்றில் 16 கண்ணிவெடிகளை இட்டன. ஆலைக்கு நேர்ந்த சேதம் சிறிதே. சீனன்குடாவிலிருந்து அத்தகைய பயணம் மீண்டும் நிகழவில்லை. இவ்வளவு முயற்சிக்கு அவ்வளவே பலனா என்று கேட்பது நியாயமே. 1957இல் பிரித்தானியர் தம் தளங்களை இலங்கையிடம் கையளித்தனர். இலங்கை விமானப்படையின் கலாசாலை இன்று அங்கே இருக்கிறது.

போர் முடிந்தபின் டர்போ விமானத்திலிருந்து இறங்கிப் பாரவண்டிகளிலும், பின்னர் மோட்டர்க் கார்களிலும் குடிபுகுந்தது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மோபில் ஜெட்பயர், ஷெவ்ரலே கோர்வேர் மொன்சா ஸ்பைடர் என்னும் இரண்டும் வெளிவந்தன. ஜெட்பயரின் கதை வேடிக்கையானது. அதன் சிலிண்டர் கலவையை மிக இறுக்கமாக, பத்துக்கு ஒன்றிற்கு மேலாக, அழுத்துவது. அதனால் எழும் நேரந்தவறிய வெடிப்பைத் தணிக்க நீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒரு கலத்தில் வைக்கப்பட்டது. வாங்கியோர் அதை நிரப்ப மறந்தனர்; கலம் வற்றியதும் வலிமை தானே குறைக்கப்பட்டது; ஈற்றில் பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. இன்று பழைய கார் புதுக்குவோர் அக்கழற்றிய பாகங்களைத் தேடி அலைகின்றனர். 1973இல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 170 குதிரைவலு உடையது. எண்ணெய் நெருக்கடியின் நடுவே பிறந்ததால் 1,672 கார்களோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு காட்சிக்கு வந்த போர்ஷே 911 டர்போவின் இயந்திரம் காற்றினால் ஆறுவது. அவ்வகையில் அது சீனன்குடாவில் நின்ற இயந்திரத்தின் உறவினன்.

இத்தகைய பழைய இயந்திரத்தைப் புதுக்குவோன் எதிர்கொள்ளும் சிக்கல்கள் யாவும் 1944இன் சிக்கல்களே. முதலிற் பார்க்கத் தக்கது டர்போவின் தண்டு. காரின் டர்போ நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது உலோகமன்று, மெல்லிய எண்ணெய்ப் படலமே. வேகமாக ஓட்டிவந்து உடனே இயந்திரத்தை நிறுத்தினால், எண்ணெய் ஓட்டம் நிற்க, சில்லின் வெப்பம் தண்டின்மேல் ஏறி அங்கு தங்கிய எண்ணெயைக் கரியாக்கும். அக்கரி நுண்ணிய எண்ணெய்க் குழாயை அடைக்க, அடுத்த முறை தண்டு வறண்டு சுழலும். எனவே டர்போவை மட்டும் புதுக்கிவிட்டுப் பழைய எண்ணெய்க் குழாயை மீண்டும் பூட்டுதல், கிணற்றை இறைத்துவிட்டு ஊற்றைத் தூர்த்தது போலாகும். புகைபோக்கு வால்வுகளை அடுத்துச் சோதித்தல் வேண்டும். பல டர்போ இயந்திரங்களில் இவ்வால்வுகளின் தண்டு உள்ளீடற்றது. உள்ளே இட்ட சோடியம் உருகி மேலும் கீழும் அசைந்து வெப்பத்தைக் கடத்தும். இம்முறை போர்க்கால விமான இயந்திரங்களிலேயே பழகியது.

பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்புகள் உடைந்திருப்பின் நேரந்தவறிய வெடிப்பு நிகழ்ந்தமைக்கு அதுவே சான்று. காரணத்தைக் காணாமல் பிஸ்டனை மாற்றிப் பயனில்லை. இங்கே கைதேர்ந்தவரும் இடறும் இடமொன்று உண்டு. வெப்பத்தினால் கோணிய சிலிண்டர்த் தலையைச் சமன்செய்ய அதன் அடிப்பரப்பைச் சிறிது சீவுவர். சீவிய அளவிற்கு எரியறை சுருங்கும். கலவை முன்னையினும் இறுகும். சாதாரண இயந்திரத்திற்கு அது நலமே, டர்போ இயந்திரத்திற்கு நஞ்சு. தடித்த அடைப்புத் தகடிட்டு அவ்விடைவெளியை மீட்டாலன்றி, புதுக்கிய இயந்திரம் சில நூறு மைலுள் மறுபடியும் பிஸ்டனை உடைக்கும். திருகோணமலை போன்ற கடற்கரை மாவட்டங்களில் நெடுங்காலம் ஓடாது நின்ற காரில் இன்னுமொரு கேடும் உண்டு: உப்புக் காற்று அலுமினியத்தை வெண்பொடியாக அரித்து, மரைகளை இறுக்கிவிடும். அங்கே வலிமையைவிடப் பொறுமை வேண்டும்.

எல்லாம் பூட்டியபின்னும் உடனே இயக்குதல் ஆகாது. தீப்பொறி இன்றி இயந்திரத்தைச் சுழற்றி, டர்போவின் திரும்பு குழாயில் எண்ணெய் சொட்டுவதைக் கண்ணாற் கண்ட பிறகே தீப்பொறிக் கம்பி இணைக்கப்படும். முதல் ஓட்டத்தில் வேகம் கூட்டாது, நிறுத்துமுன் சில நிமிடம் மெல்ல ஓடவிட்டுத் தண்டு ஆறும்வரை காத்திருப்பர்.